கொக்கியார் இருந்த கோயில்

பூசையை ஆண்டவருக்கு அடுத்தபடி உயரத்திலிருந்து பார்த்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கொக்கியார். போப்பாண்டவரே தரையில் நின்றுதான் பூசை வைக்கிறார். எங்கள் கொக்கியாரோ தென்னை மர உயரத்தில், ஒரு இரும்புக் கூண்டுக்குள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே பூசை பார்த்தார். நெற்றியில் பட்டை விபூதி வேறு. இப்போது கடம்பத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். இதை யாராவது படித்துக் காட்டினால் என்னைத் திட்டுவார், திட்டட்டும்.

நம்பாதவர்களுக்காக எங்கள் கோயிலின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மற்ற ஊர்க் கோயில்களுக்கெல்லாம் பெருமையான கதை இருக்கும். கப்பலில் வந்த வெள்ளைக்காரக் குருவானவர், புயலில் காப்பாற்றிய மாதா, நிலம் கொடுத்த ஜமீன்தார் என்று கல்வெட்டிலேயே வெட்டி வைத்திருப்பார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பங்குக்கு அப்படி ஒன்றும் கிடையாது. கம்பெனி வேலைக்கு வந்த கன்னியாகுமரிக்காரர்கள், தூத்துக்குடிக்காரர்கள், எல்லையைத் தாண்டி வந்த தெலுங்குக்காரர்கள், உள்ளூரில் ஏற்கெனவே இருந்த சில குடும்பங்கள், எல்லோரும் சேர்ந்து ஒரே கோயில் மக்களாக, ஒரு பங்கானோம். நானும் ஒரு கெமிக்கல் கம்பெனி லேபில் வேலை கிடைத்துத் தெற்கேயிருந்து வந்தவள்தான். கோயிலில் பைபிள் வாசகம் வாசிப்பது என் பொறுப்பு.

ஆரம்பத்தில் எங்களுக்குக் கோயிலே இல்லை. ஒரு கல்யாண மண்டபத்தில்தான் ஞாயிறு பூசை. முகூர்த்த நாள் என்றால் பூசை கிடையாது. முகூர்த்தத்துக்கு மறுநாள் என்றால், மேடையில் மணமக்கள் உட்கார்ந்த சிவப்பு சோபா அப்படியே இருக்கும். பின்னால் தெர்மோகோலில் வெட்டி ஒட்டிய இரண்டு பெயர்களும் இருக்கும். அதற்கு முன்னால் பீடம் போட்டு எங்கள் ஃபாதர் பூசை வைப்பார். வாராவாரம் வேறு வேறு ஜோடிப் பெயர்கள். அலங்காரம் கூடாத தவக்காலத்தில்கூடச் சரவிளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். யாருக்கும் அதை அணைக்கும் சுவிட்ச் எங்கே என்று தெரியாது.

அப்புறம்தான் மூடிக்கிடந்த ஒரு ரோலிங் மில்லின் ஷெட்டை ஆயரகம், அதாவது பிஷப் அலுவலகம், எங்களுக்காக வாங்கிக் கொடுத்தது. இயந்திரங்களையெல்லாம் முன்னமே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரு கிரேன். தெருவில் போகும் கிரேன் இல்லை. ஷெட்டின் இரண்டு பக்கமும் உயரத்தில் தண்டவாளம், அதன்மேல் குறுக்கே ஓடும் இரும்புப் பாலம், பாலத்திலிருந்து தொங்கும் பெரிய கொக்கி, ஓரத்தில் ஓட்டுகிறவர் உட்காரக் கூண்டு. அதை இறக்கவேண்டும் என்றால் கூரையைப் பிரிக்கவேண்டும். கூரையைப் பிரித்தால் திரும்பவும் கல்யாண மண்டபம்தான். கிரேன் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

முதல் பூசையில் ஃபாதர் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு வாயைத் திறக்கிறார், மேலேயிருந்து ஒரு இருமல் கேட்டது. எல்லோரும் அண்ணாந்தோம். கூண்டுக்குள் காக்கிச் சட்டை போட்ட ஒருவர், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டி, நீங்க நடத்துங்க என்பதுபோல் கை காட்டினார். பூசை முடிந்ததும் ஃபாதர் கீழேயிருந்தே கேட்டார்.

"யாருப்பா அது மேல?"

"நாந்தான் சாமி. வாட்ச்மேன். முன்னாடி இந்த வண்டிய ஓட்டிக்கினு இருந்தேன்."

"வாட்ச்மேன்னா கேட்டுலதானே இருக்கணும்?"

"கேட்டுல இன்னா கீது சாமி, காவ காக்கறதுக்கு? மில்லுல மிச்சம் கீறது இந்த வண்டி ஒண்ணுதான்."

"பூசை நேரத்துலயாவது இறங்கி வரலாமே."

"வாணாம் சாமி. எனக்கு இங்கியே நல்லா காது கேக்குது."

ஆரணிப் பக்கத்து ஊர்க்காரர். நெல் விதைக்கும் குடும்பம். கூண்டுக்குள் முருகன் காலண்டர் மாட்டியிருந்தார். எங்கள் உபதேசியாருக்கு இது பிடிக்கவில்லை. கோயில் நடைமுறை எல்லாம் அவர் கையில் இருந்ததால், தலைக்கு மேல் ஒரு ஆள் இருப்பது அவருக்கு உறுத்தியது. ஃபாதர்தான், "அவர் பாட்டுக்கு இருக்கட்டும், நம்மை விட ஒழுங்கா பூசைக்கு வர்றாரு" என்று சமாதானம் செய்தார். கீழே ஒரு உபதேசியார் இருந்ததால் மேலே இருந்தவரைப் பிள்ளைகள் கொக்கியார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவருடைய சொந்தப் பெயரை நான் கடைசி வரை கேட்டதே இல்லை. அவரும் எங்கள் யார் பெயரையும் கேட்டதில்லை. நான் அவருக்கு 'வாசகம்'. கீபோர்டு வாசிக்கும் பிரான்சிஸ் 'பொட்டி'.

கிரேனில் ஒரு ஹாரன் இருந்தது. அதுதான் எங்களுக்கு வந்த பெரிய சோதனை. இடது பக்கம் மூன்றாவது தூணுக்கு அருகில் யார் போய் நின்றாலும், நாற்காலி போட்டாலும், உடனே மேலேயிருந்து ஹாரன் அலறும். கிறிஸ்துமஸ் கூட்டத்தில் மூச்சுவிட இடமில்லாதபோதும் அந்த இடம் மட்டும் காலியாகக் கிடக்கும். கோயிலை மந்திரித்து ஆசீர்வதிக்க ஆயர் வந்தார். பவனி பீடத்தை நோக்கிப் போகும்போது எங்கேயோ தடைபட்டு, ஆயர் சரியாக அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். ஹாரன் அடித்த அடியில் தூபக்கலசம் பிடித்திருந்தவர் இரண்டடி குதித்தார்.

"தொப்பி சாமி! கொஞ்சம் அந்தாண்ட நவுருங்கோ!"

ஆயர் நகர்ந்தார். நகர்ந்த பிறகு சிரித்தும்விட்டார். எங்கள் ஃபாதருக்குத்தான் வியர்த்து ஊற்றியது.

அடுத்த வாரம் பிரான்சிஸ், ஸ்பீக்கர் வைக்க அந்த இடம்தான் தோது என்று சாமானோடு போய் நின்றான். ஹாரன் ஒருபக்கம், "யோவ் பொட்டி, எட்த்துகினு போ அத்த!" என்ற கத்தல் ஒருபக்கம். எனக்குப் பொறுக்கவில்லை. பூசைக்கு வரும் கிறிஸ்தவர்களை விரட்ட இவர் யார் என்று உபதேசியாரிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். கொக்கியாரைக் கண்டாலே முகம் சுளிக்கும் மனிதர், அன்று என்னைத் தனியாகக் கூட்டிப் போய் மெதுவாகச் சொன்னார்.

மில் ஓடிய காலத்தில் அந்த இடத்தில் நின்றுதான் ஆரோக்கியம் என்பவர் கிரேனுக்குக் கை காட்டுவார். மேலே இருப்பவருக்குச் சத்தத்தில் எதுவும் கேட்காது. கீழே ஒருவர் விரலைச் சுழற்றினால் தூக்கவேண்டும், உள்ளங்கையை விரித்தால் நிறுத்தவேண்டும். கொக்கியார் கை, ஆரோக்கியம் கண் என்று இரண்டு பேரும் ஒரு ஆள் போல வேலை செய்தார்களாம். ஒருநாள் கம்பிக் கட்டைத் தூக்கும்போது அதைக் கட்டியிருந்த பெல்ட் அறுந்தது. கட்டு மேலே விழுந்து ஆரோக்கியம் அங்கேயே போய்விட்டார். விசாரணையில் ஓட்டியவர்மேல் தப்பில்லை என்று சொன்னார்கள். கொக்கியார் மட்டும் அதை ஏற்கவில்லை. அன்றிலிருந்து அவர் எதையும் தூக்கியதில்லை, வேறு யாரையும் அந்தக் கிரேனைத் தொட விட்டதுமில்லை.

"பீடத்துக்குப் பூ வைக்குதே ஜெயமேரி, அதோட வீட்டுக்காரர்தான் ஆரோக்கியம்" என்று முடித்தார் உபதேசியார்.

ஜெயமேரியை எனக்கு நன்றாகத் தெரியும். ஷெட் வாங்கிய புதிதில் அந்தப் பெண் உள்ளேயே வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று பூசை பார்த்துவிட்டுப் போகும். பிறகு ஒருநாள் தானாகவே பூக்கூடையோடு உள்ளே வந்தது. வந்து, பூ வைத்து, செபம் சொல்லிவிட்டுப் போகும். தலையைத் தூக்கி மேலே பார்க்காது. மேலே இருந்தவரோ ஜெயமேரி கேட்டைத் தாண்டிப் போகும்வரை ஏணியில் கால் வைக்கமாட்டார். இத்தனை வருஷமாக இரண்டு பேரும் ஒரே கோயிலில் இருந்தார்கள், ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் இறங்கி வராததற்குக் காரணம் வேறொன்றும் இல்லை. கீழே வந்தால் அந்தப் பெண்ணின் முகத்தில் முழிக்கவேண்டும்.

ஹாரனைத் தவிர கிரேன் செத்துப்போய்விட்டது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அது உயிரோடு இருக்கிறது என்பது ஒரு பூசையின் நடுவில் தெரிந்தது. ஃபாதர் கண்ணை மூடி, இரண்டு கைகளையும் மேலே உயர்த்திச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். தலைக்குமேல் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல். கொக்கி ஒரு குலுங்கு குலுங்கி மேலே ஏற ஆரம்பித்தது. முன் வரிசைப் பெண்கள் அலறினார்கள். ஃபாதர் கண்ணைத் திறந்து, பயத்தில் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தார். கொக்கி டக்கென்று நின்றது. கிரேன் பாஷையில் அதற்குப் பெயர் அவசர நிறுத்தமாம். அன்றைக்கு அந்தச் செபத்தில் அதற்குமேல் யாருக்கும் மனம் ஒன்றவில்லை.

பூசை முடிந்து ஃபாதர் இடுப்பில் கை வைத்து நின்றார். "என்னய்யா இது?"

"மன்னிச்சிக்கோ சாமி. நீ கைய தூக்குன, என் கை தானா லீவருக்குப் போய்ச்சி."

"நான் செபம் பண்ணேன்யா!"

"செபம்னு எனக்குத் தெரியும் சாமி. கைக்குத் தெரியலியே."

"அப்ப வாராவாரம் கடைசியில சிலுவை போட்டு ஆசீர்வாதம் குடுக்கறேனே?"

"அதான் பெரிய பேஜாரு. மேல, கீழ, அந்தாண்ட, இந்தாண்டன்னு நாலு பக்கமும் காட்டுனா வண்டி எங்க சாமி போவும்? அப்போ ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சிகினு குந்திக்குவேன்."

கீழே எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மேலே அவர் சிரிக்கவில்லை. அன்றே ஹாரனை மட்டும் விட்டுவிட்டு, கிரேன் மோட்டாரின் ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஜெயமேரி கையிலிருந்த பூக்கூடை சரிந்து சாமந்தி தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. அன்றுதான் முதல்முறையாக அந்தப் பெண் மேலே பார்த்தது. கொக்கியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்படியே போயிருக்கும். மாதா சிலை வந்துதான் எல்லாம் மாறியது.

எங்கள் கோயில் விண்ணேற்பு மாதாவுக்கு நேர்ந்தது. மாதாவை ஆண்டவர் வானத்துக்கு எடுத்துக்கொண்ட நாள் ஆகஸ்ட் பதினைந்து. அதுதான் எங்கள் திருவிழா. அதுவரை ஒரு சின்ன சிலையை ஸ்டூலில் வைத்துத்தான் ஒப்பேற்றி வந்தோம். அந்த வருஷம் பீடத்துக்குப் பின்சுவரில், நல்ல உயரத்தில், மாடம் கட்டினோம். ஒரே கல்லில் செதுக்கிய ஆளுயர மாதா லாரியில் வைக்கோல் மெத்தையில் படுத்துக்கொண்டு வந்தார். வந்த பிறகுதான் அவரை எப்படி மேலே ஏற்றுவது என்ற யோசனை எங்களுக்கு வந்தது. பங்குப் பேரவை கூடி எடுக்கும் முடிவுகளின் லட்சணம் அப்படி. லாரி கிரேன் வாசலில் நுழையவில்லை. கூரை இரும்பில் சங்கிலி போட்டு இழுத்தால் கூரையே வந்துவிடும் என்றார் இன்ஜினீயர். எல்லோரும் ஒன்றாகத் தலையைத் தூக்கிக் கூண்டைப் பார்த்தோம்.

ஃபாதர் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஏணியில் ஏறினார். பாதி ஏணிவரை ஏறியவர் கீழே பார்த்துத் தொலைத்தார். அதற்குமேல் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல், கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"நீங்க தூக்கலேன்னா மாதா தரையிலேயே கெடப்பாங்க."

"கெடக்கட்டும் சாமி. தரையில கெடந்தா யாரு தலையிலயும் வுழாது."

கொஞ்ச நேரம் கழித்துக் கொக்கியாரே இறங்கி வந்து, ஒவ்வொரு படியாகச் சொல்லிச் சொல்லி ஃபாதரைத் தரைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, மறுபடி ஏறிக்கொண்டார். ஏறும்போது சொன்னார்: "கீழ கை காட்ட ஆளு வோணும். ஆரோக்கியம் மாதிரி ஒரு ஆள காட்டு, தூக்கறேன்."

அப்படி ஒரு ஆள் இல்லை என்ற தைரியத்தில் சொன்ன வார்த்தை அது. நாங்களும் விடவில்லை, ஒவ்வொருவராகப் பரீட்சைக்கு அனுப்பினோம். பிரான்சிஸ் பாடகர் குழுவுக்குக் காட்டுவதுபோல இரண்டு கையையும் அலைய விட்டான். "யோவ் பொட்டி, கொசு வெரட்டுறியா?" என்று குரல் வந்தது. உபதேசியார் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டே விரலை ஆட்டினார். "மணி உருட்டறியா, வண்டிய உருட்டறியா? போ நைனா, போய் வேலயப் பாரு." இன்ஜினீயர் கையே காட்டாமல் இங்கிலீஷில் விளக்கம் சொன்னார். அவருக்குப் பதிலும் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் பதினைந்து காலையில் முற்றத்தில் தேசியக் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தாயிற்று. பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாகக் கூட்டம் சேர்ந்துவிட்டது. திருநாள் நாயகியோ பீடத்துக்கு முன்னால் இன்னும் வைக்கோலில் படுத்துக்கிடந்தார். பெல்ட் கட்டித் தயாராக இருந்தது, மாடத்துச் சாரத்தில் இரண்டு கொத்தனார்கள் காத்திருந்தார்கள், ஃபாதர் பூசை உடுப்போடு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் வாசகப் புத்தகத்தோடு பக்கவாசலில் நின்றேன். அப்போதுதான் ஜெயமேரி வந்தது. பூக்கூடையைக் கீழே வைத்தது. நேராக மூன்றாவது தூணுக்குப் போய், அந்தக் காலி இடத்தில் நின்றது.

ஹாரன் அலறியது. ஜெயமேரி நகரவில்லை. மறுபடி அடித்தார். இந்தமுறை அது மிரட்டும் சத்தமாக இல்லை, கெஞ்சுவதுபோல இருந்தது.

"ஆரன் அடிக்காத!" என்றது ஜெயமேரி. "அவரு நின்ன எடத்துல நான் நிக்கறேன். செல அங்க கீது, நான் இங்க கீறேன், எம்மேல எதுவும் வுழாது. எல்லாரும் வெளிய போங்க. நீ வண்டிய போடு."

"உனுக்கு இன்னாமா தெரியும் கை காட்ட?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"எனக்கா தெரியாது?"

ஜெயமேரி பிறகு எனக்குச் சொன்னது இது. மில் சத்தத்தில் காது மந்தமாகி, ஆரோக்கியம் வீட்டிலும் வாயால் பேசுவதை விட்டுவிட்டாராம். குழம்பு ஊற்ற விரலைச் சுழற்றுவார், போதும் என்றால் உள்ளங்கை. பிள்ளையைத் தொட்டிலில் போடும்போதும் 'மெதுவாக இறக்கு' என்று கைதான் காட்டுவார். சண்டை வந்தால்கூடக் கையை விரித்து நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுவாராம். 'அந்தக் கையப் பாத்துகினே குடித்தனம் பண்ணவ நானு' என்றது.

சாரத்திலிருந்த கொத்தனார்களைத் தவிர எல்லோரும் வெளியே வந்தோம். வாசல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொக்கியார் சட்டைப் பையிலிருந்து ஃப்யூஸை எடுத்து மாட்ட வெகுநேரம் ஆனது. பிறகு உறுமல் கேட்டது. ஜெயமேரி வலது கையை உயர்த்தி ஆட்காட்டி விரலைச் சின்னதாகச் சுழற்றியது. மாதா வைக்கோலிலிருந்து மெல்ல எழுந்து நின்றார். விரல் சுழலச் சுழல அவர் தரையை விட்டுப் போனார். ஆட்டமில்லை, குலுக்கலில்லை. ஓர் இடத்தில் சிலை லேசாகத் திரும்பியது. உள்ளங்கை விரிந்தது, கிரேன் நின்றது, சிலையும் அடங்கியது, மறுபடி விரல் சுழன்றது. ஃபாதர் கைகளை உயர்த்திச் செபிக்கப் போனவர், சட்டென்று நினைவு வந்து இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டார். ஜெயமேரியின் கை பின்சுவர்ப் பக்கம் காட்ட, பாலம் ஊர்ந்து போனது, கொத்தனார்கள் மாதாவைக் கட்டிப் பிடித்து மாடத்தில் நிறுத்தினார்கள். பெல்ட் தளர்ந்தது. ஜெயமேரி கையை இறக்கியது. எனக்குக் கண்ணில் நீர் தானாக வந்தது.

கூட்டம் உள்ளே நுழையப் பார்த்தது. ஃபாதர் வாசலில் குறுக்கே நின்று தடுத்துவிட்டார். கொக்கியார் ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தார். இறங்கி வந்தவர் தூணுக்கு இந்தப் பக்கமே நின்றார். தலை நிமிரவில்லை.

"தங்கச்சி... நானு..."

"இத்தினி வருசமா மேலயே குந்திக்கினு இருந்தியே. ஒரு நாளாச்சும் எறங்கி வந்து பேசுவன்னு பாத்துகினே இருந்தேன்."

"இன்னா மூஞ்சிய வெச்சிகினு வர்றது?"

"பெல்ட்டு அறுந்துச்சி. நீயா அறுத்த? உன்ன கேள்வி கேக்கறதுக்கா நான் காத்துகினு இருந்தேன்?" ஜெயமேரியின் குரல் உயர்ந்தது, பிறகு தணிந்தது. "எனக்கு அவர பத்திப் பேசணும்ணா. கூட வேல செஞ்சவங்கல்லாம் அவங்கவங்க ஊருக்குப் பூட்டாங்க. இங்க இன்னா பேசுவாரு, எப்டி சிரிப்பாரு, யாரு கூட குந்தி துன்னாரு, உனுக்கு மட்டுந்தானே தெரியும்? நீயும் மேல பூட்டா நான் யார்கிட்டண்ணா கேக்கறது?"

கொக்கியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஜெயமேரியும் சற்றுத் தள்ளி உட்கார்ந்தது. அழுகை ஓய்ந்த பிறகு அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு பேசியது வாசல்வரை கேட்டது.

"தெனிக்கும் என் டப்பாவுலதான் கைய வுடுவான். உன் உப்புமாவ எங்கிட்ட தள்ளி வுட்டுட்டு, எங்கூட்டு இட்லிய துன்னுடுவான்."

"அய்யே! ஊட்டுல வந்து நாஷ்டா பிரமாதம்னாரே!"

"அது எங்கூட்டு இட்லிய சொல்லிக்கீறான்."

ஜெயமேரி சிரித்தது. அவரும் சிரித்தார். உபதேசியார் ஃபாதரின் காதருகே போய், நேரமாகிறது, மணி அடிக்கட்டுமா என்று கேட்டார். ஃபாதர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். உள்ளே இரண்டு பேரும் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். திருவிழாப் பூசை அவ்வளவு தாமதமாக எங்கள் பங்கில் அதற்கு முன்னாலும் தொடங்கியதில்லை, பின்னாலும் இல்லை. ஆகஸ்ட் மாத வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கென்னவோ, அந்த மனிதர் இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும் என்றுதான் இருந்தது.